கண்டி கண்ட யோசேவாஸ் முனிவர்

கண்டி மாநகருக்குச் செல்வோர் கண்ணில் முதலிற் படுவன தலதா மாளிகையும், அதன் முன்னே விரிந்து கிடக்கும் ஏரியும் ஆகும். அந்த ஏரி மிகப் பழமையானதன்று. கண்டியின் கடைசி மன்னனான ஸ்ரீ விக்கிரம இராஜசிங்கன் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதனை அமைப்பித்தான். அதற்கு முன்னர் அவ்விடம் வயல் நிலமாய் இருந்தது. வயல் இருந்த அக்காலத்தில், 1692ஆம் ஆண்டில், அந்நகருக்குள் ஒற்றன் என்ற பழியுடன் கைதியாய்ப் புகுந்த ஒருவரைப் பற்றியே இன்று பேச எண்ணுகிறேன். அவர் பெயர் யோசேவாஸ். கோவா நாட்டில் 1651ஆம் ஆண்டு பிறந்தவர், கொங்கணி பேசும் குடும்பத்தினர், கத்தோலிக்க குருவானவர்.

கிறிஸ்தவ சமயத்தார் விசுவாசம், நம்பிக்கை, தேவசிநேகம் என மூன்று புண்ணியங்களைத் தம் பிள்ளைகளுக்கு ஞானோபதேசத்திற் கற்பிப்பர். அவற்றுள் முதலாவதைப் பற்றியும் மூன்றாவதைப் பற்றியும் பிரசங்கிகள் நிறையப் பேசுவதுண்டு. நடுவில் நிற்கும் நம்பிக்கையோ பெரும்பாலும் ஒரு சொல்லாகவே நின்றுவிடுகிறது. வரப்போகும் காலம் இறைவன் கையில் இருக்கிறது என்று ஒருவன் மெய்யாகவே எண்ணினால், அவன் இன்று என்ன செய்வான்? தன்னை நம்பாத மக்கள் நடுவே எப்படி வாழ்வான்? இவ்வினாக்களுக்குக் கண்டி நகரின் வரலாறு ஒரு விடை தருகிறது. அந்த விடையில் இனிப்பும் உண்டு, கசப்பும் உண்டு.

முதலில், அந்நகரம் இம்மனிதரை ஏன் ஐயுற்றது என்பதை அறிதல் வேண்டும். ஐயுற்றவர்களைக் குறை கூறுவது எளிது. ஆனால் கண்டி மக்களின் நினைவில் போர்த்துக்கேயர் என்றால் நெருப்பு என்றே பொருள். 1638ஆம் ஆண்டு தியோகு டி மெல்லோ என்னும் தளபதி படையுடன் வந்து நகரைக் கொளுத்தினான். திரும்பும் வழியில், இன்று பேராதனைப் பூந்தோட்டத்திற்கு எதிர்க்கரையில் இருக்கும் கன்னொறுவையில், இரண்டாம் இராஜசிங்கனின் படை அவனைச் சூழ்ந்து அழித்தது. அந்தப் போர்களிலே சிறைப்பட்ட போர்த்துக்கேயர் மலைநாட்டுக் கிராமங்களிற் குடியேற்றப்பட்டார்கள். அங்கேயே மணம் புரிந்து, காலப்போக்கில் சிங்களம் பேசும் குடிகளாயினர். அவர்கள் சமயம் கத்தோலிக்கம். ஆயினும் அவர்களுக்குக் குரு இல்லை.

கரைநாட்டின் நிலைமையோ வேறு. ஒல்லாந்தர் 1656இல் கொழும்பையும் 1658இல் யாழ்ப்பாணத்தையும் கைப்பற்றினார்கள். அவர்கள் கல்வீனிய மார்க்கத்தினர். கத்தோலிக்க குருமாரைத் தம் ஆட்சிப் பகுதியினின்றும் துரத்தினார்கள். அவர்களுக்கு அடைக்கலம் கொடுப்போருக்கு மரண தண்டனை என்றும் விளம்பரப்படுத்தினார்கள். இவ்வாறு ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் இலங்கைக் கத்தோலிக்கர் மேய்ப்பனற்ற மந்தையாயினர். பிள்ளைகளுக்கு ஞானஸ்நானத்தைத் தாய் தந்தையரே கொடுத்தனர். இறந்தோரை அயலவரே செபஞ்சொல்லி அடக்கம் செய்தனர்.

இச்செய்தி கோவாவிலிருந்த யோசேவாஸின் காதிற்கு எட்டியது. ஐரோப்பிய துறவற சபைகள் இந்நாட்டாரைத் தம்முள் சேர்க்க விரும்பாத அந்நாளில், கோவாவின் சுதேச குருமார் சிலர் தாமே ஒரு சபையாகக் கூடி வாழ்ந்தனர். அவர்களுக்கு முதல்வராயிருந்த யோசேவாஸ், அதனைப் பிலிப்பு நேரியார் முறைப்படி ஒரட்டோரியர் சபையாக ஒழுங்குபடுத்தியவர். கடமையை வேறொருவரிடம் ஒப்புவித்துவிட்டு, 1687ஆம் ஆண்டு தூத்துக்குடியிலிருந்து கூலிக்காரர் வேடத்தில் ஓடமேறினார். உடன் வந்தவர் யுவான் என்னும் பணியாள் ஒருவரே. மன்னார் வழியாக யாழ்ப்பாணம் சேர்ந்தபோது அவர் வயிற்றுக்கடுப்பினால் நடக்கவும் இயலாதிருந்தார். பிச்சைக்காரரைப் போல் வீடு வீடாகச் சென்று, கழுத்திலே செபமாலையைக் கண்டு எவர் முகம் மலர்கிறது என்று பார்த்தே கத்தோலிக்கரை இனங்கண்டார் என்பர். பின்னர் சில்லாலை அவருக்குப் புகலிடமாயிற்று. அங்கே தமிழைக் கற்று, இரவில் பூசை வைத்து, பகலில் மறைந்து வாழ்ந்தார். 1689ஆம் ஆண்டு நத்தார் இரவில் ஒல்லாந்தர் பூசைக்குக் கூடியிருந்தோரைச் சுற்றி வளைத்தனர். பலர் பிடிபட்டு வதைப்பட்டனர். குருவானவர் மட்டும் தப்பினார். தம்பொருட்டுப் பிறர் அடிபடுவதை அவர் எவ்வாறு தாங்கினாரோ! அடுத்த ஆண்டில் கண்டியரசனின் ஆணை செல்லும் புத்தளத்திற்குச் சென்றார். அங்கிருந்தே மலைநாட்டை நோக்கிப் புறப்பட்டார்.

கண்டியின் எல்லையில் அவரை முந்திக்கொண்டது ஒரு வதந்தி. அரண்மனையில் செல்வாக்குடனிருந்த லனரோல் என்னும் பிரெஞ்சுக்காரர் ஒருவர், வருபவன் குருவல்லன், போர்த்துக்கேய ஒற்றன் என்று அரசனிடம் கூறினார். இந்த லனரோல், 1672இல் பிரெஞ்சுக் கடற்படைத் தலைவனின் தூதுடன் கண்டிக்கு வந்து, இரண்டாம் இராஜசிங்கனால் மறிக்கப்பட்டு, அங்கேயே தங்கிப்போனவர். அவர் புரட்டஸ்தாந்தர். பிரான்சு நாட்டிலே புரட்டஸ்தாந்தருக்கு இருந்த உரிமைகளைப் பதினான்காம் லூயி மன்னன் 1685இல் பறித்துவிட்டான் என்பதையும் நேயர்கள் நினைவிற் கொள்ளவேண்டும். ஐரோப்பாவின் சண்டை மகாவலி கங்கைக் கரைவரை வந்து நின்றது. போர்த்துக்கேயர் இலங்கையை விட்டகன்று முப்பத்துநான்கு ஆண்டுகளாகியும், அவர்கள் பெயரால் ஒரு கொங்கணி மனிதர் விலங்கு பூண்டார்.

அப்பொழுது கண்டியில் ஆட்சி செய்தவன் இரண்டாம் விமலதர்மசூரியன். தலதா மாளிகையை மூன்று மாடமாக எழுப்பிய பௌத்த பக்தன், போரை விரும்பாதவன். கைதியைக் கொல்லுமாறு அவன் கட்டளையிடவில்லை. கவனித்து வருமாறு காவலருக்குச் சொன்னான். இதுவே முனிவருக்கு வாய்த்த நல்லூழ் என்பேன். சந்தேகிக்கப்படும் மனிதனுக்கு இரண்டு வழிகள் உண்டு: தன் குற்றமின்மையை வாய் ஓயாது சொல்லிக்கொண்டிருப்பது ஒன்று, எவரும் எந்நேரமும் தன்னைப் பார்க்கலாம் என்று வாழ்வது மற்றொன்று. அவர் இரண்டாவதையே மேற்கொண்டார். காவலர் தந்த உணவிற் பாதியை ஏழைகளுக்குக் கொடுத்தார். இராச்செபம் தவறவில்லை. சிங்களம் கற்றார். நாளடைவிற் காவல் தளர்ந்து, சிறைவளவிலேயே ஓலைக்கொட்டில் ஒன்று போட்டுப் பலிபீடம் அமைக்கவும் இடங்கொடுத்தார்கள். கண்டியிலிருந்த கத்தோலிக்கர் ஒருவர் பின் ஒருவராக அங்கே வந்தனர். சிறைக்கூடமே கோயிலாயிற்று. ஒற்றுச் செய்தி எதுவும் வெளியே போகவுமில்லை, உள்ளே வரவுமில்லை. காத்திருந்து களைத்தவர்கள் ஐயுற்றவர்களே.

1696ஆம் ஆண்டிற் கடும் வறட்சி ஏற்பட்டது. மழை வேண்டிப் பல சடங்குகள் நடந்த பின், கிறிஸ்தவ குருவையும் தம் கடவுளிடம் மன்றாடுமாறு அரசன் கேட்டுக்கொண்டான் என்றும், முனிவர் வெளியிலே சிலுவை நாட்டிச் செபித்தபோது மழை பொழிந்தது என்றும், அவர் நின்ற இடம் மட்டும் நனையவில்லை என்றும் ஒரட்டோரியர் வரலாறு கூறும். பக்தர்கள் இதனை அற்புதம் என்பர். மற்றையோர் பருவமழை என்பர். நமக்கு இச்செய்தியைத் தந்தவர்கள் முனிவரின் சபையினரே என்பதையும் மறைத்தல் ஆகாது. ஆயினும் ஒரு பௌத்த மன்னன் அந்நிய சமயக் கைதி ஒருவரிடம் தன் நாட்டுக்காக வேண்டுமாறு கேட்டான் என்னும் பகுதி, மழையைக் காட்டிலும் என் மனத்தைக் கவர்கிறது. அதன்பின் நாடெங்கும் சென்று திருப்பணி புரிய அவருக்கு அனுமதி கிடைத்தது.

ஐயந்தெளியாதோர் அரண்மனையில் இன்னும் இருந்தார்கள். மழையொன்றினால் மனம் மாறுவோர் அடுத்த வெயிலில் மறுபடியும் மாறிவிடுவர் அன்றோ? அவர்களையும் வாயடைக்கச் செய்தது 1697ஆம் ஆண்டின் வைசூரி. ஜென்னர் என்பார் அம்மைப்பால் குத்தும் முறையைக் கண்டறிய இன்னும் ஒரு நூற்றாண்டு இருந்த காலம் அது. நோய் கண்ட வீட்டைவிட்டு உறவினர் ஓடினர். நோயாளிகள் வீதியிலும் காட்டோரத்திலும் விடப்பட்டனர். பத்தினித் தெய்வத்தின் சீற்றம் என்று அஞ்சி, தொடவும் துணியாதிருந்தனர் பலர். நம் கண்ணகிதான் அங்கே பத்தினி. கண்டியில் தலதா மாளிகைக்கு அருகிலேயே அவளுக்குத் தேவாலயம் உண்டு. அரசனும் நகரைவிட்டு அகன்றான்.

யோசேவாஸ் முனிவர் அகலவில்லை. அவருடன், அண்மையில் கோவாவிலிருந்து வந்திருந்த அவர் மருகரான யோசேப்புக் கர்வாலு என்னும் குருவானவரும் நின்றார். வெறுமையாய்க் கிடந்த வீடுகளை நோயாளர் விடுதிகளாக்கினர். கஞ்சி காய்ச்சிக் கொடுத்தனர், புண்களைக் கழுவினர், ஓலையிலே கிடத்தினர், இறந்தோரைத் தம் கையாலேயே குழி வெட்டிப் புதைத்தனர். பௌத்தர், சைவர், கத்தோலிக்கர் என்ற வேறுபாடு பார்க்கவில்லை. நோயாளிகளிடம் அவர் சமயம் பேசவேயில்லை என்று நான் சொல்லமாட்டேன். அவர் குரு, பேசியே இருப்பார். ஆனால் கஞ்சிக்கு விலையாக ஞானஸ்நானம் கேட்கப்படவில்லை. நோய் தணிந்து மன்னன் மீண்டபோது, இக்குரு இல்லாதிருந்தால் வீதிகள் பிணக்காடாய் இருந்திருக்கும் என்னும் கருத்துப்படக் கூறினான் என்று எழுதிவைத்திருக்கிறார்கள். தம் சேவைக்காக முனிவர் எப்பரிசிலும் பெற்றிலர்.

அதே 1697ஆம் ஆண்டில், அதே மன்னன் செய்த மற்றொரு காரியத்தையும் இங்கே சொல்லவேண்டும். இலங்கையிற் பௌத்த சங்கத்தின் உபசம்பதை முறை அற்றுப்போயிருந்தது. அதனை மீட்க அரக்கான் நாட்டிலிருந்து பிக்குகளை வரவழைத்து, பேராதனைக்கு அருகேயுள்ள கெட்டம்பேயில், மகாவலி கங்கையில் அச்சடங்கை நடத்துவித்தான். தன் சமயத்தைப் புதுப்பித்த அதே கையால் பிற சமயத்துக் குருவையும் ஆதரித்தான். இதில் அரசியற் கணக்கே இல்லை என்று வாதிக்க வேண்டியதில்லை. ஒல்லாந்தர் ஆட்சியில் அல்லற்பட்ட கரைநாட்டுக் கத்தோலிக்கரின் அன்பு கண்டியரசனுக்குப் பயன்படக் கூடியதே. ஆயினும் கணக்கு மட்டுமே என்று சொல்வதும் அம்மன்னனுக்குச் செய்யும் அநீதியாகும்.

இனி, முனிவர் கொண்ட நம்பிக்கை எத்தகையது என்பதைக் காட்டும் பகுதிக்கு வருவோம். கண்டியைத் தலைமையிடமாகக் கொண்டு அவரும் உடன்குருமாரும் இலங்கை முழுவதும் சுற்றினார்கள். குருமாரோ ஒரு சிலர், கிராமங்களோ பல. ஓர் ஊருக்கு ஆண்டுக்கு ஒருமுறை போவதே அரிது. ஆகவே ஒவ்வோர் ஊரிலும் கோயிற் காரியங்களைக் கவனிக்க மூப்பர் ஒருவரையும், சிறுவர்க்கு மந்திரங்களைக் கற்பித்து ஞாயிறுதோறும் செபங்களை நடத்த அண்ணாவியார் ஒருவரையும் ஏற்படுத்தினார். யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் இவ்விரு சொற்களும் இன்றுங்கூடக் கோயில் வட்டாரங்களில் விளங்குவன. குருவில்லாத நாள் மீண்டும் வரலாம் என்பதை எதிர்பார்த்து, அந்நாளிலும் சபை நிற்க வழி செய்த ஏற்பாடு இது. தாம் இல்லாத காலத்தைப் பற்றி அஞ்சாமலும், அதனை மறவாமலும் உழைத்தார். 1705இல் பாப்பரசரின் தூதராய் வந்த தூர்னோன் என்பார் அவரை இலங்கைக்கு மேற்றிராணியாராக்க எண்ணியபோது, அவர் அதனை வேண்டாமென்று மறுத்துவிட்டார்.

1711ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 16ஆம் நாள் கண்டியிலேயே அவர் உயிர் நீத்தார். சிறைப்பட்டு வந்த நகரிலேயே மதிப்புடன் அடக்கம் செய்யப்பட்டார். அப்போது அரியணையில் இருந்தவன் விமலதர்மசூரியனின் மகன் நரேந்திரசிங்கன்.

முனிவருக்குப் பின் அப்பணியைத் தாங்கியோருள் தலைசிறந்தவர் யாக்கோமே கொன்சால்வெஸ். 1676இல் கோவாவின் திவார்த் தீவிற் பிறந்து, 1705இல் இலங்கை வந்தவர். யோசேவாஸ் கையால் உழைத்தார் என்றால், கொன்சால்வெஸ் எழுத்தாணியால் உழைத்தார். தமிழிலும் சிங்களத்திலும் அவர் இயற்றிய நூல்கள் பல. தமிழிலே அவர் எழுதிய வியாகுலப் பிரசங்கம் தபசுகாலத்தில் நம் கோயில்களில் உருக்கமாக வாசிக்கப்பட்டு வந்திருக்கிறது. அதைக் கேட்டுக் கண்ணீர் விட்ட மூதாட்டியர் பலருக்கு, அதனை ஆக்கியவர் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவரல்லர் என்பது தெரிந்திராது. நரேந்திரசிங்கனின் அவையில் அவர் சமய வாதங்கள் புரிந்து புகழ் பெற்றார். அரசனும் அவரை மதித்தான்.

ஆனால் வாதத்தில் வெல்வது வேறு. மனத்தை வெல்வது வேறு. கொன்சால்வெஸ் எழுதியவற்றுள் பிற சமயங்களைக் கண்டிக்கும் நூல்களும் இருந்தன. பௌத்தத்தைக் கண்டித்த பகுதிகள் கூர்மையானவை. அக்கால வழக்கம் அதுவே என்று அவருக்காகப் பரிந்து பேசலாம். எம்மருங்கும் கண்டன நூல்கள் எழுந்த காலந்தான் அது. எனினும் வைசூரிக் காலத்தில் வீட்டு முற்றத்திற் பதிந்த நல்லெண்ணத்தை, ஏட்டிலே பதிந்த அச்சொற்கள் தேய்த்தன என்றே நான் கருதுகிறேன்.

1739இல் நரேந்திரசிங்கன் மறைந்தான். மதுரையிலிருந்து வந்த அவன் தேவியின் உடன்பிறந்தான் ஸ்ரீ விஜய இராஜசிங்கன் என்னும் பெயருடன் முடி சூடினான். கண்டியின் நாயக்க மன்னருள் முதல்வன் அவன். கொன்சால்வெஸ் 1742இல் போலவத்தையிற் காலமானார். வெலிவிட்ட சரணங்கரர் என்னும் துறவியின் தலைமையிற் பௌத்த மறுமலர்ச்சி வலுப்பெற்று வந்த காலம் அது. அம்முயற்சியே பின்னர் 1753இல் சீயம் நாட்டிலிருந்து உபசம்பதையைக் கொண்டுவந்தது. கண்டன நூல்கள் அரசன் முன் எடுத்துக்காட்டப்பட்டன என்பர். புதிதாய் அரசேறிய தென்னாட்டு மன்னனுக்கோ சங்கத்தாரின் ஆதரவு இன்றியமையாதது. 1740களின் நடுப்பகுதியில் குருமார் கண்டியினின்றும் வெளியேற்றப்பட்டார்கள், கோயில்கள் இடிக்கப்பட்டன. யோசேவாஸ் முனிவரின் வாழ்க்கை வரலாற்றைச் செபஸ்தியான் தோ ரேகோ என்னும் ஒரட்டோரியர் எழுதி, அது லிஸ்பன் நகரில் அச்சேறிய ஆண்டு 1745. கடலுக்கு அப்பால் அவர் புகழ் நூலாகிய அந்நாட்களிலேயே, அவர் எழுப்பிய திருச்சபை கண்டி நகரில் மண்ணோடு மண்ணாயிற்று. அவர் கல்லறை இருந்த இடத்தையும் இன்று உறுதியாகச் சுட்டிக்காட்ட இயலவில்லை.

இவ்வளவோடு கதை முடிந்திருந்தால், அவர் நம்பிக்கை பொய்த்தது என்று ஐயுற்றோர் சொல்லியிருப்பர். ஆனால் மாத்தளைப் பகுதியிலே, கலேவெலைக்கு அண்மையில், வஹாக்கோட்டை என்றொரு கிராமம் உண்டு. முன்னே சொன்ன போர்த்துக்கேயப் போர்வீரரின் வழித்தோன்றல்கள் வாழும் ஊர் அது. குருமார் துரத்தப்பட்ட பின்னர் நீண்ட காலம் அங்கே பூசை வைக்க எவரும் இல்லை. ஊரவரோ தம் சமயத்தை விடவில்லை. முனிவர் ஏற்படுத்திய முறைப்படி மக்களே தமக்குள் செபங்களை நடத்தினர். கொன்சால்வெஸ் சுவாமியார் மக்கள் மொழியில் ஆக்கிவைத்த செபங்களும் புராணங்களும் இத்தகைய ஊர்களுக்குத் துணையாயின. அரசவையிற் பகையை விளைத்த அதே எழுத்தாணி, கிராமத்து வீடுகளில் விளக்கையும் அணையாது காத்தது. இவ்விரண்டையும் ஒரே தராசில் இட்டு நிறுக்க நான் முயலவில்லை, இரண்டும் மெய்.

1815இல் ஆங்கிலேயர் கண்டியைக் கைப்பற்றினர். புத்த சமயத்தைப் பாதுகாப்போம் என்று கண்டி ஒப்பந்தத்தின் ஐந்தாம் பிரிவில் எழுதிக் கொடுத்தார்கள். பிறகு கோப்பித் தோட்டங்களும் தேயிலைத் தோட்டங்களும் எழுந்தன. தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளரால் மலைநாட்டிலே தமிழ் ஒலித்தது. அவருட் கிறிஸ்தவர்களும் இருந்தனர். லயங்களின் ஓரத்திற் சிறு சிறு கோயில்கள் தோன்றின. 1854இல் ஆங்கிலத் திருச்சபையாரும் தோட்டத் தமிழருக்கெனத் தனி மிசன் ஒன்றைத் தொடங்கினர். கத்தோலிக்கருக்குக் கண்டி 1886இல் தனி மேற்றிராசனமாயிற்று. 1893இல் பாப்பரசர் பதின்மூன்றாம் சிங்கராயர் கண்டிக்கு அருகே அம்பிட்டியவில் ஒரு குருமடத்தை நிறுவினார். இந்தியா, இலங்கை நாடுகளின் மைந்தரே தம் மக்களுக்குக் குருமாராதல் வேண்டும் என்பது அதன் நோக்கம். 1955இல் அக்குருமடம் பூனா நகருக்கு மாற்றப்படும்வரை, கொங்கணியரும் மலையாளிகளும் தமிழரும் சிங்களவரும் அங்கே ஒருங்கே பயின்றனர். ஐரோப்பியர் வாயிலடைத்த காலத்தில் தமக்கெனச் சபை கண்ட சுதேச குருவானவர் ஒருவர் விலங்குடன் நுழைந்த நகரின் புறத்தே அது அமைந்ததைத் தற்செயல் என்று விட்டுவிடலாம். அவ்வாறு விட எனக்கு மனமில்லை.

1995ஆம் ஆண்டு ஜனவரி 21ஆம் நாள் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் பாப்பரசர் கொழும்புக்கு வந்து யோசேவாஸ் முனிவரை முத்திப்பேறு பெற்றவராக அறிவித்தார். 2015ஆம் ஆண்டு ஜனவரி 14ஆம் நாள் காலி முகத்திடலில் பிரான்சிஸ் பாப்பரசர் அவரைப் புனிதராக உயர்த்தினார். நீண்ட போர் ஓய்ந்து ஆறாண்டுகள் நிறைவுறாத நேரம். அன்று பிற்பகலே பாப்பரசர் வடக்கே மடுத்திருப்பதிக்குச் சென்று தமிழரையும் சிங்களவரையும் ஒருங்கே கண்டார்.

வஹாக்கோட்டையில் இப்பொழுது அந்தோனியார் கோயில் பெரிதாய் நிற்கிறது. ஆண்டுதோறும் ஜூன் மாதப் பெருநாளுக்குத் தோட்டப்புறத்துத் தமிழரும் சுற்றுக் கிராமத்துச் சிங்களவரும் திரள்கின்றனர். கத்தோலிக்கரல்லாதோரும் மெழுகுதிரி ஏற்றிக் கும்பிட்டுச் செல்வர். வாயிலிலே நின்று எவரும் அவர்கள் சமயத்தைக் கேட்பதில்லை.